பதினாலாம் எண் பெட்டிக்கடையின் உரிமம்

ஜூன் 3, செவ்வாய்

சிகரெட் ஏஜெண்ட் வருஷா வருஷம் ஓசியில் தரும் டைரி இது. ஐந்து மாதமாகச் சரக்கு வந்த தேதியைத் தவிர வேறொன்றும் இதில் எழுதவில்லை. இன்று எழுத விஷயம் இருக்கிறது. எரிச்சலும் இருக்கிறது.

காலையில் நகராட்சி ஆள் ஒருவர் வந்து பேருந்து நிலையத்தில் உள்ள எல்லாப் பெட்டிக்கடைகளிலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். இனிமேல் பீடி, சிகரெட் விற்க நகராட்சியின் தனி உரிமம் வேண்டுமாம். ஒரு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் சரக்கு முழுவதையும் அள்ளிக்கொண்டு போவார்களாம். பள்ளிக்கூட வாசலிலிருந்து நூறு கஜம் தள்ளி இருக்க வேண்டும். பதினெட்டு வயதாகாதவர்களுக்கு விற்பதில்லை என்று பலகை வைக்க வேண்டும். அதே கடையில் மிட்டாய், பிஸ்கட் கூடாது. உரிமம் யார் பேரில் இருக்கிறதோ அவர் படம் கடையில் தொங்க வேண்டும், அவர்தான் உள்ளே உட்கார வேண்டும்.

வயசு ஆகாதவனுக்கு நான் எந்தக் காலத்தில் கொடுத்தேன்? மாமாவுக்கு வாங்குகிறேன் என்று வந்த பயல்களை மாமாவையே கூட்டிக்கொண்டு வரச் சொல்லி விரட்டியவள் நான். எனக்குப் போய்ப் பலகை.

என் கடை பதினாலாம் எண். நாலடிக்கு ஐந்தடி. அப்பா வைத்தது. அவர் படுக்கையில் விழுந்த அன்று ஏறி உட்கார்ந்தேன், பத்தொன்பது வருஷமாக இறங்கவில்லை. பொம்பளை பீடி விற்கிறாளே என்று முகம் சுளித்தவர்களெல்லாம் இன்று என் வாடிக்கை. மகள் சுபாவை பி.காம். படிக்க வைத்தது இந்தக் கடைதான். வீட்டுக்காரர் ஒரு தனியார் பள்ளியில் எழுத்தர். அவர் சம்பளம் வீட்டு வாடகைக்கும் பாலுக்கும் சரியாகப் போய்விடும். உரிமம் கிடைக்காமல் போனால் என்ன செய்வோம்?

ஜூன் 5, வியாழன்

கடையைச் சாத்திவிட்டு நகராட்சிக்குப் போனேன். உரிமப் பிரிவில் வசந்தா என்று ஒரு பெண் இருக்கிறாள். பொறுமையாகப் பேசுகிறாள், அந்த அலுவலகத்தில் அதுவே அதிசயம்.

கடை இன்னும் அப்பா பேரில் இருக்கிறதாம். அவர் செத்துப் பதினேழு வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் நான்தான் வாடகை கட்டுகிறேன், ரசீது மட்டும் "சு. தங்கையா நாடார்" என்றே வருகிறது. அப்பா பேரைப் பார்க்க நன்றாக இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். செத்தவருக்கு உரிமம் கொடுக்க முடியாதே அக்கா என்றாள் வசந்தா. வாரிசுகளில் ஒருவர் பேருக்குக் கடையை மாற்ற வேண்டும், மற்ற வாரிசு விட்டுக்கொடுத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

வாரிசு நானும் தம்பி ராஜலிங்கமும்தான். அம்மாவும் போய்விட்டாள். ஒரே தம்பி, ஒரு கையெழுத்து. இதற்குப் போய் நேற்றெல்லாம் தூங்காமல் கிடந்தேனே என்று சிரிப்பு வந்தது.

ஜூன் 6, வெள்ளி

லிங்கத்துக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம்.

ஜூன் 8, ஞாயிறு

லிங்கம் வந்தான். திருப்பூரில் வேலை போய் ஆறு மாதமாக மாமனார் வீட்டில் கிடக்கிறான், ஆள் இளைத்துவிட்டான். அயிரை மீன் குழம்பு வைத்தேன், மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். உரிம விஷயத்தைச் சொன்னதும், நீ கடையைச் சாத்திவிட்டு அலைய வேண்டாம், நான் சும்மாதானே இருக்கிறேன், எல்லாவற்றையும் நானே முடித்துத் தருகிறேன் என்றான். கண் கலங்கிவிட்டது எனக்கு. ஆதார், போட்டோ, பழைய ரசீது எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவனும் வீட்டுக்காரரும் வெகு நேரம் மாடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுபாவுக்கு வந்திருக்கும் வரன் பற்றியாம். பையன் திசையன்விளை, வங்கியில் வேலை. குடும்பம் கொஞ்சம் பெரிய இடம். பெண்ணின் அம்மா என்ன செய்கிறார்கள் என்று தரகரிடம் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் இருக்கிறாள் என்று இவர் சொல்லியனுப்பியிருக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கிறவள் வீட்டிலா இருக்கிறேன்? கேட்டால், கல்யாணப் பேச்சில் எல்லாரும் சொல்வதுதான் என்கிறார். சரி, போகட்டும்.

ஜூன் 11, புதன்

லிங்கமும் நகராட்சி ஆளும் டேப் கொண்டுவந்து அளந்தார்கள். பெண்கள் பள்ளி வாசல் வரை நூற்றுப் பதினேழு கஜம். எனக்கு ஏற்கெனவே தெரியும். நேற்றே காலால் அளந்து பார்த்துவிட்டேன், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் எட்டு வைத்துப் போனதைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள்.

கடையைப் போட்டோ எடுக்க வேண்டுமாம். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு இறங்கப் போனேன். லிங்கம், நீ உள்ளேயே இரு அக்கா, யாவாரம் நடக்கட்டும், அளவுக்கு ஒரு ஆள் நின்றால் போதும் என்றான். அவனே கடைக்கு முன்னால் நின்றுகொண்டான். தலைகூடச் சீவியிருந்தான்.

ஜூன் 16, திங்கள்

இன்று நடந்ததை முழுதாக எழுதி வைக்க வேண்டும். அவ்வளவு சந்தோஷம்.

பதினொரு மணிக்கு லிங்கம் தட்டோடு வந்தான். தட்டில் அரக்கு நிறப் பட்டுப் புடவை, பூ, பழம், மஞ்சள், குங்குமம். கூடவே வீட்டுக்காரர், பள்ளியில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். அப்பா செத்த பிறகு எனக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு முழம் பூ வந்ததில்லை. பேருந்து நிலையத்தில் எல்லாரும் பார்க்க, "சுபா கல்யாணத்துக்கு முன்னால உனக்குச் சீர் செய்யணும்லாக்கா" என்று தட்டை நீட்டினான். சைக்கிள் ஸ்டாண்டு மரியநாயகம் அண்ணாச்சி தினமும் ஒரே ஒரு சிகரெட் வாங்கிப் பாதியை அணைத்து வைக்கிற ஆள். அவரே அதை மறந்து நின்று பார்த்தார்.

புடவையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போதே முத்திரைத்தாளையும் எடுத்தான். வாரிசு இரண்டு பேரும் போட வேண்டுமாம். மூன்று இடத்தில் கையெழுத்து. நான் தாளை என் பக்கம் இழுத்தேன், கண்ணாடியைத் தேடினேன். வீட்டுக்காரர்தான், "அவன் சீரோட வந்து நிக்கான், நீ வக்கீல் மாதிரி வாசிக்கப் போறியாக்கும். நான் வாசிச்சிட்டேன். போடு" என்றார்.

எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. ஒரு கையில் பிறந்த வீட்டுச் சீரை வாங்கிக்கொண்டு மறு கையால் அவன் நீட்டின தாளைச் சோதித்துப் பார்த்தால், அது சீரை அவன் முகத்தில் திருப்பி எறிந்த மாதிரி. எங்கள் பக்கத்தில் எந்த அக்காவும் அப்படிச் செய்ய மாட்டாள். மூன்று இடத்திலும் போட்டேன். வீட்டுக்காரர் சாட்சி போட்டார். அவர் கையெழுத்து எப்போதும் முத்து முத்தாக இருக்கும், இன்று கை நடுங்கியது. வெயில் அப்படி.

ஜூன் 18, புதன்

மிட்டாய் பாட்டில், பிஸ்கட், முறுக்கு எல்லாம் காலி செய்தேன். பலகைக்குச் சொல்லியாயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கடை லீவு. இரண்டு நாளாகத் தலைக்குச் சீயக்காய் போட்டுத் தேய்த்தும் புகையிலை வாசம் போகவில்லை என்று வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். இருபத்தைந்து வருஷமாகச் சுளிக்கிற முகம்தானே. சீரில் வந்த பட்டைத்தான் கட்டிக்கொண்டேன்.

பையன் நல்ல மாதிரி. சுபா அவனை நிமிர்ந்தே பார்த்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது. பையனின் அம்மா, பேருந்து நிலையத்தில் உங்களுக்கு ஏதோ கடை இருக்கிறதாமே என்று இழுத்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், அது என் மச்சினன் கடை, இவள் எப்போதாவது எட்டிப் பார்ப்பாள் என்றார். லிங்கம் தலையை ஆட்டினான். இரண்டு பேரும் ஒத்திகை பார்த்தது போல அவ்வளவு சரளம்.

அந்த அம்மா முகம் தெளிந்தது. கல்யாணப் பேச்சில் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது அழுகை வந்தது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூன் 25, புதன்

வீட்டுக்காரர் மல்லிகைப் பூ வாங்கி வந்தார். கடைசியாக எப்போது வாங்கினார் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

ஜூலை 2, புதன்

உரிமம் வந்துவிட்டது.

லிங்கம் சட்டம் போட்டே கொண்டுவந்தான். நான் கற்பூரம் எடுத்து வைத்திருந்தேன். ஆணி அடித்து மாட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். படத்தில் அவன். அன்று தலை சீவிக்கொண்டு நின்றானே, அந்தப் படம். கீழே: உரிமதாரர், த. ராஜலிங்கம்.

நகராட்சியில் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். "ஏலே, உம் படத்தைப் போட்டுட்டானுவளே" என்று சிரிக்கக்கூடச் செய்தேன். அவன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, நாளை முதல் நானே உட்கார்ந்துகொள்கிறேன் அக்கா, உனக்கு ஓய்வு வேண்டாமா என்றான். வேண்டுமென்றால் உன்னைப் பணியாளராகப் பதிந்து ஒரு அட்டை வாங்கித் தருகிறேன் என்றான்.

என் கடையில் எனக்குப் பணியாள் அட்டை.

ஜூலை 3, வியாழன்

ஐந்து மணிக்குப் போனேன். அவன் நாலரைக்கே போய்த் திறந்து உட்கார்ந்திருந்தான். என் இடத்தில். கத்தினேன். பேருந்து நிலையம் முழுக்கக் கூடிவிட்டது. உன்னைத் தூக்கி வளர்த்த கையடா இது, திருப்பூருக்குப் போக டிக்கெட் எடுத்துக் கொடுத்த கடையடா இது என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ஒருவருக்கு பீடிக் கட்டு எடுத்துக் கொடுத்தான். அதுவும் தப்பான கட்டு.

கடைசியில் அவனுக்கும் கோபம் வந்தது. "என்ன மட்டும் ஏன் வையுத? நானாவா கேட்டேன்? அத்தான்தான வந்து சொன்னாவ."

என்ன சொன்னாவ என்று கேட்டேன். அடுத்த ஆளுக்குச் சில்லறை எண்ணத் தொடங்கினான்.

ஜூலை 4, வெள்ளி

வீட்டுக்காரரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கோபத்தில் லிங்கம் எதையாவது உளறியிருப்பான். முதலில் தாளைப் பார்க்கிறேன்.

ஜூலை 5, சனி

வசந்தா கோப்பை எடுத்துக் காட்டினாள். அந்தத் தாளை இன்றுதான் வாசித்தேன்.

பதினாலாம் எண் கடையில் எனக்குள்ள சகல உரிமையையும் என் தம்பிக்கு முழுமனதோடு விட்டுக்கொடுக்கிறேனாம். வாசகத்தைப் படிக்கக் கேட்டுப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டேனாம். அதன் கீழே, "மேற்படி வாசகத்தை அவருக்கு நான் படித்துக் காட்டினேன்" என்று முத்து முத்தாக ஒரு வரி, அதற்கும் கீழே வீட்டுக்காரர் கையெழுத்து. அந்த வரி அன்று வெயிலில் எழுதியதில்லை. நடுக்கமே இல்லை. வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்.

வசந்தா தண்ணீர் கொடுத்தாள். முப்பது நாளுக்குள் ஆட்சேபனை மனு கொடுக்கலாம் என்றாள். ஆணையர் விசாரிப்பார். படித்துக் காட்டவில்லை என்று சாட்சியே சொன்னால் பத்திரம் செல்லாது, கடை பேரும் உரிமமும் திரும்ப உங்களுக்கு வரும் என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

கேட்டுவிட்டேன். காலைப் பலகாரத்தை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டேன்.

மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார். பள்ளியில் அவரை பீடிக்கடை சார் என்று கூப்பிடுகிறார்களாம். எத்தனை வருஷமாக என்று எனக்குத் தெரியுமா என்றார். கடையை விடு என்றால் விடுவேனா, மாட்டேன். இந்த உரிமம் வந்ததும், இதுதான் சமயம் என்று தோன்றியதாம். கடை குடும்பத்திலேயே இருக்கும், லிங்கத்துக்கும் பிழைப்பு, சுபாவுக்கும் நல்ல இடம்.

"வாசிச்சா நீ போட்டிருக்க மாட்டே புஷ்பம்" என்றார். அதையும் சாதாரணமாகத்தான் சொன்னார்.

உங்களுக்கு வெட்கமாக இருந்த காசில்தானே உங்கள் பிள்ளை படித்தாள் என்றேன். உங்கள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்தது எந்தக் கடை என்றேன். அவர் தட்டிலேயே கையை வைத்துக்கொண்டு அழுதார். தப்புதான், ஆணையரிடம் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்றார். சுபா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன். நம்பினேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, அவர் அழுததைப் பார்த்து எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

மனுவை சுபா எழுதிக் கொடுத்தாள். தம்பியைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னேன். சாட்சி போட்ட அப்பா பேர் வராமல் எழுத முடியாதே அம்மா என்றாள். விசாரணை பதினைந்தாம் தேதி.

ஜூலை 12, சனி

வீட்டில் இருக்க முடியவில்லை. காலை ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து வாசலில் கோலம் போட்டுவிட்டு, போக இடமில்லாமல் நிற்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

திசையன்விளையிலிருந்து போன். ஆவணியில் முகூர்த்தம் குறித்துவிட்டார்களாம். வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

சாயங்காலம் சுபா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எம்மா, கல்யாணம் முடியட்டுமே. அதுக்குப் பொறவு மனுவைப் பாத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டாள். முப்பது நாள்தான் கெடு என்று அவளுக்கே தெரியும், மனுவில் அதை எழுதினவள் அவள்தான். கேட்டுவிட்டு அழுதாள். நான் அவளைத் திட்டவில்லை. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. பெண்ணின் தாய் பீடிக்கடைக்காரி என்று தெரிந்தால் அறுந்துபோகிற சம்பந்தம் என்ன சம்பந்தமோ, ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வேன்.

நாளை இவர் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். கல்யாணத்தன்று ஒரு நாள் வீட்டில் இருக்கிறவளாக நடித்துவிட்டுப் போகிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஆணையர் அறையில் நாங்கள் நாலு பேர். நான், லிங்கம், வீட்டுக்காரர், கோப்போடு வசந்தா.

ஆணையர் என்னிடம் கேட்டார். இது உங்கள் கையெழுத்துதானா? ஆமாம். மிரட்டி வாங்கினார்களா? இல்லை. வாசித்தீர்களா? இல்லை. உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா? தெரியும், தினமும் பேப்பர் வாசிக்கிறேன். பின்னே ஏன் வாசிக்கவில்லை? தம்பி சீர் கொண்டு வந்திருந்தான் சார் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சீருக்கும் இதற்கும் என்னம்மா சம்பந்தம் என்றார். 

பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். நீங்கள் படித்துக் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மனைவி இல்லை என்கிறார், எது உண்மை என்று கேட்டார். பொய்ச் சாட்சி என்றால் பள்ளிக்கும் எழுத வேண்டிவரும் என்றும் சொன்னார்.

நான் இவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, நான் காலையில் தேய்த்துக் கொடுத்தது. இருபத்தைந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனுஷன். ஒரே ஒரு வார்த்தை போதும் எனக்கு. இல்லை என்று சொன்னால் போதும்.

"படிச்சுக் காட்டினேன் சார்," என்றார். "ரெண்டு தரம். அவளுக்கு இப்ப மனசு மாறிப் போச்சு."

அந்த இரண்டு தரம் யார் கேட்டது? ஒரு தரம் என்று சொல்லியிருந்தால்கூடப் பயத்தில் சொன்னார் என்று நினைத்திருப்பேன்.

மனு தள்ளுபடி. வசந்தா கோப்பை மூடும்போது அவள் கண் கலங்கியிருந்தது. லிங்கம்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். இவர் மட்டும் ஆணையருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ்ஸிலா ஆட்டோவிலா என்று என்னிடம் கேட்டார்.

நடந்தே வந்தேன்.

ஜூலை 16, புதன்

சமைத்தேன். துவைத்தேன். சீர்ப் புடவையை மடித்து, தட்டோடு சுபாவிடம் கொடுத்து லிங்கம் வீட்டுக்கு அனுப்பினேன்.

ஜூலை 18, வெள்ளி

மரியநாயகம் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். சைக்கிள் ஸ்டாண்டில் டிக்கெட் கிழிக்கிற அறைக்குப் பக்கத்தில் ஒரு மூலை சும்மா கிடக்கிறதாம், சொந்த இடம், வாடகை ஒப்பந்தம் எழுதித் தருகிறேன் என்றார். "ஒம்ம தம்பிகிட்ட சிகரெட் கேட்டா தீப்பெட்டியத் தாராரு தாயி. நாங்க எங்க போவோம்" என்றார். இரண்டு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன்.

ஒப்பந்தத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தேன். அண்ணாச்சி கோபித்துக்கொள்ளவில்லை.

அவர் போனதும், உனக்கு என்ன பைத்தியமா, ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டா என்று வீட்டுக்காரர் கத்தினார்.  மூலையிலிருந்து பள்ளி வாசல் வரை போய் அளந்துவிட்டு வந்தேன். நூற்று முப்பத்திரண்டு எட்டு, நூறு கஜத்துக்குக் குறையாது.

ஜூலை 21, திங்கள்

நகராட்சிக்குத் தனியாகப் போனேன். கிளம்பும்போது சுபா என் பர்ஸில் என் பாஸ்போர்ட் அளவுப் போட்டோ இரண்டை எடுத்து வைத்தாள்.  அவள் மனதில் என்ன இருக்கிறதோ, நான் கேட்கவில்லை.

வசந்தா புதுப் படிவம் கொடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். விண்ணப்பதாரர் பெயர், தங்கபுஷ்பம். வயது, நாற்பத்தெட்டு. கடை அமையும் இடம், சைக்கிள் நிறுத்தம். அடுத்த வரி, தந்தை அல்லது கணவர் பெயர், பொருந்தாததை அடிக்கவும் என்று இருந்தது.

கணவர் என்பதை அடித்தேன்.

வசந்தா வாங்கிப் பார்த்துவிட்டு, கல்யாணம் ஆனவர்கள் இதில் கணவர் பேரைத்தான் எழுதுவார்கள் அக்கா என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவிய இருக்காவல்லாக்கா?" என்று கேட்டாள்.

"இருக்காரு," என்றேன். "நீ சீல் போடு."